கோயில் பேரும் கவர்மென்ட் பேரும்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சபைப் போதகர் போன் செய்தார். சின்னப் பெண். என் மகள் சபீனாவைவிடப் பத்து வயது இளையவர். ஜெர்மனியின் வடக்கே, நான் குடியிருக்கும் இந்தச் சிறிய ஊரில் இப்போது அவர்தான் போதகர். அவருக்கு முன்பு இருந்த ஏழு பேரையும் நான் பார்த்தாகிவிட்டது.

"உங்களுக்குத் திடப்படுத்தல் ஆகி இந்த வருஷம் அறுபது வருஷம் முடிகிறது, இல்லையா?" என்றார்.

இங்கே அது ஒரு வழக்கம். பதினாலு வயதில் சபை முன்னால் நின்று விசுவாசத்தைச் சொல்லித் திடப்படுத்தல் பெற்றவர்களை, ஐம்பதாம் வருஷமும் அறுபதாம் வருஷமும் திரும்பக் கூப்பிட்டு நிற்கவைத்து, பெயரை வாசித்து, ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். பிறகு காப்பி, கேக். என் ஐம்பதாம் வருஷத்துக்கு முழங்கால் ஆபரேஷன் என்று சாக்குச் சொல்லித் தப்பித்துவிட்டேன். ஆபரேஷன் நிஜம்தான். ஆனால் அதற்காக நான் சந்தோஷப்பட்டதும் நிஜம்.

"எந்தச் சபையில், எந்தத் தேதியில், எந்தப் பெயரில் என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் ரிஜிஸ்டர் நகல் ஒன்று" என்றார். இந்த நாட்டில் கர்த்தரே வந்தாலும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அவர் பிறந்தபோது பெத்லகேமில் எடுத்த குடிக்கணக்கு முதல் அவருக்கும் அது பழக்கம்தான்.

சபையும் தேதியும் சுலபம். மாட்டிக்கொண்டது பெயரில்.

2

இந்த ஊரில் எல்லாருக்கும் என்னை நாகம்மாவாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் சிஸ்டர் நாகம்மா. கல்யாணமான பிறகு கடைசிப் பெயர் மாறியது, நாகம்மா மாறவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கோயில் ரிஜிஸ்டரில் நாகம்மா என்று யாரும் இல்லை. அங்கே நான் எஸ்தர். கோயில் என்றால் எங்கள் ஆட்களுக்கு சர்ச்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. சித்தூர்ப் பக்கம், திருப்பதிப் பக்கம், எங்கள் சேரிகளில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர் உண்டு. ஞானஸ்நானத்தில் வைப்பது கோயில் பேரு. பள்ளிக்கூடத்தில், ஓட்டர் லிஸ்டில் எழுதுவது கவர்மென்ட் பேரு. சுதந்திரம் வந்து, சட்டமும் எழுதி முடித்த கையோடு டில்லியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கான சலுகை இந்துவாக இருந்தால் உண்டு, கிறிஸ்தவனாகிவிட்டால் இல்லை. ஊர்க்காரர்கள் எங்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஊருக்கு வெளியேதான் நிற்கவைத்தார்கள் என்பது டில்லிக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அதனால் எங்கள் ஜனங்கள் கெட்டிக்காரத்தனமாக ஆளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நான் திருப்பதியில் சர்க்கார் இலவச விடுதியில் தங்கிப் படித்தது நாகம்மாவாக. விடுமுறை முடிந்து கிளம்பினால் அம்மா கூட வருவாள். புத்தூரிலிருந்து போகும் பஸ் வடமாலபேட்டையில் கொஞ்ச நேரம் நிற்கும். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, துளி குங்குமம் எடுத்து என் நெற்றியில் பொட்டு வைப்பாள். திரும்பி வரும்போது அதே வடமாலபேட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்துவிடுவாள். அந்தக் காலத்தில் ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை எங்கே என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லை வடமாலபேட்டைதான்.

விடுதியில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை பஜனையில் நன்றாகப் பாடுவேன், அதனால் வார்டன் அம்மாவுக்கு என்மேல் பிரியம். அந்தப் பாட்டுகள் இன்னும் மனப்பாடம். குளிர்காலத்தில் பனி வாரும்போது வாயில் வந்துவிடும்.

3

சபீனாவிடம் இதையெல்லாம் நான் சொன்னதே இல்லை. அவளுக்குத் தமிழ் வராது. "வா, சாப்பிடு, போதும்", அதோடு சரி. பதினெட்டு வயதில் சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். இங்கே அதற்கும் ஓர் ஆபீஸ் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். நான் சண்டை போடவில்லை. அவளால் பெயரை அவ்வளவு சுலபமாக எடுக்க முடிந்ததே என்று ஒரு பொறாமைகூட வந்தது.

நான் வந்த புதிதில் பேசிய ஜெர்மன், பிரார்த்தனைப் புத்தகத்து ஜெர்மன். அவர்கள் கடவுளை 'நீ' என்கிறார்கள். நம் தமிழில் 'நீர்', 'தேவரீர்' என்று எழுந்து நின்று பேசுகிறோம் அல்லவா? கடவுளுக்கே போடுகிற சொல் என்றால் அதைவிட மரியாதை வேறு எது என்று எண்ணி, பெரிய டாக்டரிலிருந்து எல்லாரையும் மூன்று மாதம் 'நீ' போட்டேன். பெரிய டாக்டர் ஒருநாள் கூப்பிட்டு, "சிஸ்டர், நாம் ஒன்றாக ஆடு மேய்த்தோமா?" என்று கேட்டார். வெட்கத்தில் செத்தேன். சபீனாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், அவள் சிநேகிதர்களிடமெல்லாம் சொல்வாள். சிரிக்கிற கதைகளை மட்டும் அவளுக்குக் கொடுத்து வளர்த்தேன்.

அதனால் போதகர் போன் செய்த அன்று சாயங்காலம் அவள் வந்து, "எந்தப் பெயரா? உன் பெயர்தான், வேறென்ன?" என்று கேட்டபோது எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

4

எனக்குப் பதினாலு வயது. அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று திடப்படுத்தல். எங்கள் கோயிலை நடத்திவந்த உபதேசியார் சபை முன்னால், "எஸ்தர், சாமுவேலின் மகள்" என்று முழுசாக வாசித்தார். விடுதியில் வருஷம் முழுக்க நாகம்மா, நாகம்மா என்று கேட்ட காதுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் எல்லை பார்க்கிற அதிகாரி எங்கள் ஊருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. புத்தூருக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. எங்கள் ஊரில் தெலுங்கு, சேரியில் தமிழ். ஊர்க்காரர்கள் முன்கூட்டியே மனு எழுதிவிட்டார்கள். இந்த ஊரில் இருப்பவர் அனைவரும் தெலுங்கர் என்று. சேரியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தெலுங்காகவும் இல்லை, தமிழாகவும் இல்லை, நாங்கள் அங்கே இல்லவே இல்லை.

என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அதுதான் பொறுக்கவில்லை. நைனா ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிப்பவர். கோயில் சாவி அவரிடம்தான் இருக்கும். "அந்த ராஜ்யமோ இந்த ராஜ்யமோ, எதுல போனாலும் நமுக்கு அதே கூழுதான். ஆனா நாம கீறோம்னு எழுதணும்ல?" என்றார். "நாம கீறோம்னு நாமளே எழுதிக் குடுப்போம்."

எழுதத் தெரிந்தவர் உபதேசியார். அவரோ மகள் பிரசவத்துக்குக் காளஹஸ்தி போயிருந்தார். அவருக்கு அடுத்தபடி சேரியில் படித்த ஆள் நான். நைனா கோயிலைத் திறந்துவிட்டார். மேசைமேல் சபை ரிஜிஸ்டர் இருந்தது. பெரியவர்கள் நாற்பத்தொரு பேர். அழகாக, வரிசையாக, திடப்படுத்தலில் கற்ற அதே பெருமையோடு எழுதினேன். சாமுவேல், யோவான், ராகேல், தாவீது, மார்த்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே வாசித்துக் காட்டினேன். ஒவ்வொருவராக வந்து கட்டைவிரல் வைத்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கோயிலுக்குள் அந்தப் பெயர்கள்தானே கேட்கும்! தெருவில் நின்று வாசித்திருந்தால் முதல் பெயரிலேயே யாராவது தடுத்திருப்பார்கள்.

5

ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அதிகாரிக்கு மேசை போட்டிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் பெஞ்சில். நாங்கள் கீழே வெயிலில். அதிகாரி மோசமானவர் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் மனுவை மரியாதையாகவே வாங்கினார். ஓட்டர் லிஸ்டைப் பக்கத்தில் வைத்து ஒரு பெயரைப் பார்த்தார். இல்லை. அடுத்தது, இல்லை. பத்துப் பெயர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

ஊர்க் கணக்கு எழுதும் கரணம் பக்கத்தில் நின்றார். "ஈ பேர்லு மா ஊர்லோ லேவண்டி" என்றார். இந்தப் பெயர்களெல்லாம் எங்கள் ஊரிலேயே கிடையாது என்று. பொய்யும் இல்லை. அவர் ஊரில் கிடையாதுதான்.

அதிகாரி நைனாவைப் பார்த்து, "நீங்க யாரு? உங்க பேரு என்ன?" என்று தமிழில் கேட்டார்.

நைனா வாயைத் திறந்தார். அதற்குள் கரணம் குனிந்து, ரொம்பப் பிரியமாக விசாரிப்பவர் மாதிரி, "ஏம்பா முனிசாமி, திருப்பதி ஆஸ்டல்ல உம் பொண்ணு இன்னா பேர்ல படிக்குது?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எங்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சாமுவேல் என்று ஒப்புக்கொண்டால் நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிடும். என் விடுதி இடம் போகும், படிப்பு போகும். சேரியில் இன்னும் நாலு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நைனா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

"நான் முனிசாமிங்கய்யா" என்றார். "அந்தக் காயிதத்துல கீற பேருங்க யாருதுன்னு எனக்குத் தெரியாது."

அவருக்குப் பின்னால் யோவான் மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ராகேல் அக்கா மட்டும் முன்னால் வந்தாள். பிள்ளை குட்டி இல்லாத விதவை, ஊரில் நடவு நடுகிறவள்.

"பாப்பம்மான்னு கூப்டாலும் ராகேலுன்னு கூப்டாலும் வர்றது நான் ஒருத்திதான் சாமி. எனுக்கு ஆஸ்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எழுதிக்கோங்க" என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். எங்கள் சேரியிலிருந்து ஒரே ஒரு ஆள். மற்ற நாற்பது பேரின் மனு செல்லாது என்று மடித்து எங்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் அழுதுகொண்டே வந்தேன். நைனா திட்டவில்லை. "அழுவாத. நாளைக்கு உனுக்கு பஸ்ஸு" என்றார். மறுநாள் வடமாலபேட்டையில் அம்மா பொட்டு வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

6

எல்லை பிறகு முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். நாற்பத்தொரு பேரை எழுதியிருந்தாலும் எல்லைக் கோடு ஓர் அடி நகர்ந்திருக்காது. அது எனக்கும் தெரியும். போனது வேறு.

எங்கள் சபையில் நற்கருணைக்கு, கர்த்தருடைய அப்பமும் ரசமும் வாங்கும் பந்திக்கு, போக விரும்புகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே உபதேசியாரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அவர் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். பெயர் கொடுக்காதவர் பந்திக்குப் போகமாட்டார். அந்தக் கோடைக்குப் பிறகு நைனா பெயர் கொடுக்கவில்லை. மணி அடித்தார். கோயிலைக் கூட்டினார். எல்லாரும் பந்திக்குப் போகும்போது கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார். யோவான் மாமாவும் மற்றவர்களும் ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார்கள். உபதேசியார் நைனாவை வற்புறுத்திப் பார்த்தார். "சபை முன்னால எந்தப் பேரக் குடுக்கறது? அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னனே, அந்தப் பேரையா?" என்று நைனா கேட்டாராம்.

நான் படித்தேன். நர்ஸ் டிரெயினிங் முடித்தேன். மிஷன் மூலமாக ஜெர்மனிக்கு ஆள் எடுத்தார்கள், நாகம்மா என்ற பெயர் போட்ட பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறினேன். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அந்த ஞாயிறு வரைக்கும், எட்டு வருஷம், நைனா பெயர் கொடுக்கவில்லை. நான் வந்த நாலாம் வருஷம் இறந்துவிட்டார். லீவு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது. கடைசிவரை பந்திக்குப் போகாமலே போனாரா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம். என் கையெழுத்தால் ஒரு மனிதர் தன் பெயரையும் இழந்து, கர்த்தருடைய பந்தியையும் இழந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக என் மனதில் அப்படித்தான் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சபீனா, "அவர் ஏன் பொய் சொன்னார்? உண்மையைச் சொல்லியிருந்தால் நியாயம் கிடைத்திருக்குமே" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிப் பிறந்த பிள்ளை அவள். அந்த நம்பிக்கையில் அவளை வளர்க்கத்தானே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம் என்று பிறகு தோன்றியது. கோபம் போய்விட்டது.

7

ரிஜிஸ்டர் நகலுக்குத் தம்பி மகனுக்கு வாட்ஸப் அனுப்பினேன். அவனை டேவிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பில் செத்தவர்களின் பெயரும் என் பெயரும் நிஜம். உயிரோடு இருப்பவர்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று உங்களுக்கே புரியும். அந்த உத்தரவு இன்னும் அப்படியே இருக்கிறது.

"அத்தே, ஆபீஸ்ல நான் வேற பேரு, சர்ச்ல வேற பேரு. உங்க காலத்துலயே இத முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கக்கூடாதா?" என்று கேட்டுச் சிரித்தான்.

நம் தேசத்துமேல் எனக்கு நம்பிக்கை உண்டா என்று இங்கே சபையில் சிலர் கேட்பார்கள். உண்டு என்றுதான் சொல்வேன். எங்கள் உபதேசியார் எல்லைச் சண்டை நடந்த வருஷங்களில் ஞாயிறு தவறாமல் இரண்டு ராஜ்யத்து மந்திரிகளுக்காகவும் ஜெபம் செய்தார். எதில் போவோம் என்று தெரியாததால் இரண்டுக்கும் செய்தார் என்று பிள்ளைகள் நாங்கள் கேலி செய்வோம். எங்களைக் கணக்கிலேயே எடுக்காத சர்க்காருக்கு ஞானம் கொடும் என்று கேட்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. டேவிட்டின் மகள் சட்டம் படிக்கிறாள். இந்த உத்தரவைப் பற்றித்தான் கட்டுரை எழுதுகிறாளாம். எந்தப் பெயரில் எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரியாமல் டேவிட் கண்ணில் பட்ட ரிஜிஸ்டரையெல்லாம் படம் எடுத்து அனுப்பிவிட்டான். அறுபது, எழுபது படங்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் திடப்படுத்தல் கிடைத்தது. அதைத் தாண்டியும் பார்த்துக்கொண்டே போனேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். பிறகு நற்கருணைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியல், மாதம் மாதமாக.

ஒரு பக்கத்தில் உபதேசியார் கையெழுத்தில் ஏழாவது வரி:

'சாமுவேல் என்கிற முனிசாமி.'

மற்றவர்களுக்கெல்லாம் ஒற்றைப் பெயர். அந்த ஒரு வரியில் மட்டும் இரண்டும். மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். பழைய பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து முத்திரையைப் பார்த்தேன். நான் ஜெர்மனியில் இறங்கியது வெள்ளிக்கிழமை. நைனா பெயர் கொடுத்தது மறுநாள், சனிக்கிழமை.

நான் ஊரில் இருக்கும்வரை இரண்டு பெயரையும் சேர்த்துக் கொடுத்து, அதை யாராவது கிளறினால் என் சாதிச் சர்டிபிகேட் செல்லாமல் போய்விடும் என்று காத்திருந்திருக்கிறார். நான் போய் இறங்கும் நாள் அவருக்குத் தெரியும்; யார் கைக்கும் எட்டாத இடத்துக்கு நான் போய்விட்ட மறுநாளே போய்க் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதமும் அந்த வரி இருந்தது. அதற்கடுத்த மாதமும். அவர் இறந்த மாதம் வரைக்கும் இருந்தது. மேசைமேல் தலையை வைத்து அழுதேன். இத்தனை வருஷமும் நடக்காத ஒன்றுக்காக அழுதிருக்கிறேன் என்ற கோபமும் அதில் கலந்திருந்தது.

8

போதகருக்குப் போன் செய்து, இரண்டு பெயரும் வேண்டும், அப்பாவுக்கும் இரண்டும் வேண்டும் என்றேன். அவர் அச்சடித்த சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இடம் போதாதே" என்றார்.

"எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு எழுதுங்கள். மீதியை நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு கிழவர் கிழவிகள் பீடத்துக்கு முன்னால் நின்றோம். சபீனா வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது வரிசையில் மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். போதகர் ஒவ்வொரு பெயராக வாசித்து வந்தார். என் முறை வந்ததும் "எஸ்தர்" என்று வாசித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்து நிறுத்தினார்.

ஜெர்மனில் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது தமிழ்.

"எஸ்தர் என்கிற நாகம்மா. சாமுவேல் என்கிற முனிசாமியின் மகள்."

கோயிலில் ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டாவது வரிசையில் சபீனா எழுந்து நின்றாள்.